நெடுந்தீவில் நான் ஊர்காவற்றுறையாக இருந்த நாள்

யாழ்ப்பாண நகரத்தில் ஒரு சிறிய நிறுவனத்தில் எனக்கு வேலை கிடைத்தபோது, கரம்பொனில் எங்கள் வீட்டில் யாருக்கும் அது என்ன வேலை என்று விளங்கவில்லை. அப்பா கடற்றொழில் செய்பவர். அண்ணைமார் இருவரும் அவரோடு கடலுக்குப் போகிறவர்கள். கொம்பியூட்டர் படித்த பெண் என்றால் வங்கியில் கண்ணாடிக்குப் பின்னால் இருப்பாள் என்பதுதான் அவர்களுடைய எண்ணம். நானோ காலையில் குறடும் கேபிள் சுருளும் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன். போர் முடிந்து சில வருடங்கள் ஆகியிருந்த காலம் அது. தீவுகளில் பூட்டிக் கிடந்த கட்டடங்களுக்கு ஒவ்வொன்றாக வெள்ளை அடித்துக்கொண்டிருந்தார்கள்.

எங்கள் முதலாளி கொழும்பில் பல வருடம் இருந்துவிட்டு ஊருக்குத் திரும்பியவர். கூட்டுறவுச் சங்கமொன்று ஊர்காவற்றுறையிலும் நெடுந்தீவிலும் கிராமிய வங்கிக் கிளை திறக்கப்போகிறது, இரண்டையும் நகரத்திலுள்ள தலைமை அலுவலகத்தோடு இணைக்கும் வேலை எங்களுக்குத்தான் என்று ஒருநாள் வந்து சொன்னார். சங்கத்திடம் பெரிய வசதி இருக்கவில்லை. கொழும்பில் யாரோ கழற்றி ஒதுக்கிய ரவுட்டர்களை முதலாளி மலிவாக வாங்கி வந்திருந்தார். வெளியுலகம் கைவிடத் தொடங்கியிருந்த ஃபிரேம் ரிலே என்ற முறைதான் எங்களுக்குக் கிடைத்தது. எனக்கு அதில் குறை ஒன்றும் தெரியவில்லை. புத்தகத்தில் மட்டும் படித்த ஒன்றைக் கையால் தொடப்போகிறேன் என்ற மகிழ்ச்சிதான் இருந்தது.

அந்த மகிழ்ச்சியில்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சாப்பாட்டுக்குப் பிறகு குசினிக் கதிரையில் இருந்த அப்பாவுக்கு அதை விளக்கப் போனேன். தனிக் கம்பி ஒன்றை யாழ்ப்பாணத்திலிருந்து நெடுந்தீவு வரை இழுத்து வைத்திருப்பதென்றால் பெரிய செலவு என்றேன். ஃபிரேம் ரிலேயில் எங்களிடமிருந்து தொலைபேசி நிலையம் வரைக்கும் உள்ள துண்டு மட்டும்தான் எங்களுடையது. அதற்கு அப்பால் இருப்பது பலரும் பங்கிட்டுக்கொள்ளும் பொதுப் பாதை. நாங்கள் அனுப்புவதெல்லாம் சிறு சிறு பொதிகளாகக் கட்டப்படும். ஒவ்வொரு பொதியின் தலையிலும் ஓர் எண் இருக்கும். நிலையத்திலுள்ள சுவிட்ச் அந்த எண்ணைத் தன் அட்டவணையில் பார்த்து, பழைய எண்ணை அழித்துப் புது எண் போட்டு, அடுத்த நிலையத்துக்குத் தள்ளிவிடும். தலைமை அலுவலகத்தில் இருபது என்று ஏறிய பொதி ஊர்காவற்றுறையில் பதினாறு என்று வந்து இறங்கும். ஆகவே அந்த எண் ஊரின் பெயரல்ல. எங்களுக்கும் பக்கத்து நிலையத்துக்கும் இடையிலான ஏற்பாடு மட்டும்தான். பொதி எங்கே போய்ச் சேரும் என்பது அந்த அட்டவணையை எழுதியவர்களின் கையில் இருக்கிறது.

அப்பா ஓரளவு கேட்டுக்கொண்டிருந்தார். வழியில் பொதி பழுதாகிவிட்டால் என்ன செய்வார்கள் என்று கேட்டார். எறிந்துவிடுவார்கள் என்றேன். எறிந்ததைச் சொல்வார்களா என்று கேட்டார். சொல்ல மாட்டார்கள் என்றேன். அத்தோடு அவருக்கு அந்த முறையின் மீது இருந்த மதிப்பு போய்விட்டது.

"பழுதெண்டா எறிவானாம், எறிஞ்சதைச் சொல்லவும் மாட்டானாம். உவங்களை நம்பியோ பாங்கு திறக்கப் போறியள்?"

நான் விடவில்லை. முந்திய காலத்துக் கம்பிகளில் இரைச்சல் அதிகம். அதனால் ஒவ்வொரு நிலையத்திலும் பொதியைப் பிரித்துப் பார்த்து, சரி என்று பதில் வந்த பிறகுதான் அடுத்ததை அனுப்பினார்கள். எல்லாம் மெதுவாகவே நடந்தது. இப்போது கம்பிகள் சுத்தம். பழுது வருவது அரிது. அதனால் நடுவில் யாரும் நின்று பார்ப்பதில்லை. ஏதாவது குறைந்தால் இரண்டு முனையிலும் இருக்கிற நாங்கள் கண்டுபிடித்துத் திரும்பக் கேட்போம். வேகத்துக்கும் ஒரு உறுதி தருவார்கள். பாதை காலியாக இருந்தால் அந்த அளவுக்கு மேலேயும் அனுப்பலாம். ஆனால் மேலதிகமாகப் போவதன் தலையில் 'நெரிசல் வந்தால் முதலில் இதை எறி' என்று ஒரு அடையாளம் ஏறிவிடும். இதையெல்லாம் சொல்லி முடித்தபோது அப்பா கண்ணை மூடியிருந்தார். நித்திரையா என்று கேட்டதற்கு, இல்லை, யோசிக்கிறேன் என்றார்.

இந்த வேலையில் என்னோடு இன்னொருவரும் இருந்தார். நாரந்தனையைச் சேர்ந்த இளைஞர். புகையிலையும் வெங்காயமும் செய்கிற தோட்டக்காரக் குடும்பம். இருவரும் ஒரே காலத்தில்தான் வேலைக்குச் சேர்ந்தோம். அதிகம் கதைக்க மாட்டார். எந்தக் கேபிளையும் இரண்டு தலைப்பிலும் பெயர்த் துண்டு ஒட்டி, இது எங்கிருந்து எங்கே போகிறது என்று எழுதிவைக்காமல் விடமாட்டார். ஒரு அடி நீளக் கேபிளுக்கும் அப்படித்தான். எனக்கு அது எரிச்சலாக இருக்கும். அவரை நான் 'நீங்கள்' என்றுதான் சொன்னேன், அவரும் என்னை 'நீங்கள்' என்றுதான் சொன்னார்.

திறப்பு விழா நெடுந்தீவில். சங்கத் தலைவர் வந்து பொத்தானை அழுத்த, ஊர்காவற்றுறைக் கிளையும் அதே நேரத்தில் வேலை தொடங்கும் என்று ஏற்பாடு. நான் நெடுந்தீவுக்கு, நாரந்தனைக்காரர் ஊர்காவற்றுறைக்கு என்று முதலாளி பிரித்துவிட்டார். நான் முதல் நாளே குறிகாட்டுவான் துறையில் வள்ளம் ஏறிப் போய், கிளை மனேச்சரின் வீட்டில் தங்கினேன். அவர் நெடுந்தீவிலேயே பிறந்து வளர்ந்த பெண்மணி. ஊரில் எல்லோருக்கும் அவர் மனேச்சர் அக்கா. தான் நடத்தப்போகும் கிளையில் ஒரு பொம்பிளைப்பிள்ளை வந்து வயர் பூட்டுவதில் அவருக்கு ஏனோ பெரிய சந்தோசம். என்னை விட்டுப் பிரியாமல், நான் ஆணி அறைந்தபோதும் பக்கத்தில் நின்று ஆணிப் பெட்டியைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

காலையில் கிளைகளுக்கும் தலைமை அலுவலகத்துக்கும் இடையிலான இணைப்புச் சுற்றுகளைத் திறந்துவிடுவோம் என்று தொலைத்தொடர்பு நிறுவனம் சொல்லியிருந்தது. சொன்னபடியே திறந்தார்கள். ரவுட்டரில் எல்லா விளக்கும் பச்சை. சுற்று உயிரோடு இருக்கிறதா என்று கேட்டால், இருக்கிறது என்று நிலையத்திலிருந்து ஒழுங்காகப் பதில் வந்தது. ஆனால் தலைமை அலுவலகத்தை எத்தனை தடவை கூப்பிட்டாலும் அங்கிருந்து ஒரு பதிலும் இல்லை.

மேசையில் இருந்த கம்பியில்லாத சிடிஎம்ஏ போனில் ஊர்காவற்றுறையில் நின்ற நாரந்தனைக்காரருக்கு எடுத்தேன். அங்கேயும் அதே கதை. எல்லாம் பச்சை, ஒன்றும் போகவில்லை. கொழும்பிலுள்ள தொலைத்தொடர்பு நிறுவனத்துக்கு எடுத்தேன். அங்கே இருந்தவர் மிகவும் மரியாதையாக, தன்னுடைய திரையில் இரண்டு சுற்றும் நன்றாக இருக்கின்றன என்றார். அப்படியென்றால் ஏன் வேலை செய்யவில்லை என்றேன். முறைப்பாடு பதிவு செய்திருக்கிறேன், நாளைக்குள் ஒரு பொறியியலாளர் பார்ப்பார் என்றார். முதலாளியும் சங்கத் தலைவரும் அப்போது நடுக்கடலில் வந்துகொண்டிருந்தார்கள். முதலாளியின் போன் எடுபடவில்லை. தலைமை அலுவலகத்தில் ரவுட்டர் இருக்கும் அறையைப் பூட்டிய திறப்பும் அவருடைய சட்டைப் பையில்தான் இருந்தது.

வெளியே கதிரைகள் நிரம்பிக்கொண்டிருந்தன. வடை வாசம் வந்தது. மனேச்சர் அக்கா பட்டுச்சேலையோடு வந்து எட்டிப் பார்த்தார். இன்னும் கொஞ்ச நேரம் வேண்டும் என்றேன். தலைவரைக் கொஞ்சம் நீளமாகப் பேசச் சொல்லட்டோ என்று கேட்டார். பிறகு அவரே, அதை அவருக்குச் சொல்லத் தேவையில்லை என்று சொல்லிச் சிரித்துக்கொண்டு போனார்.

நான் நிலத்தில் இருந்து மடிக்கணினியில் ரவுட்டரின் எண்ணிக்கைகளைப் பார்த்தேன். அப்போதுதான் ஒன்று கண்ணில் பட்டது. பொதிகள் வந்துகொண்டிருந்தன. உள்ளே வரும் பொதிகளின் எண்ணிக்கை ஏறிக்கொண்டே இருந்தது. வந்த எதையும் ரவுட்டர் தன்னுடையது என்று ஏற்கவில்லை. அப்படியானால் எனக்கு வருவது யாருடைய பொதி? இந்த வகை ரவுட்டர்கள் தம்மோடு நேரே இணைந்திருக்கும் மற்ற ரவுட்டருக்கு அவ்வப்போது தம்மை அறிமுகம் செய்துகொள்ளும். மறுமுனையில் இருப்பது யார் என்று கேட்டேன். தலைமை அலுவலகம் என்று வந்தது. அதுவரை சரி. ஆனால் தலைமை அலுவலக ரவுட்டரில் ஒவ்வொரு கிளைக்கும் தனித்தனி வாசல் வைத்து, நாரந்தனைக்காரர் தன் வழக்கப்படி ஒவ்வொன்றுக்கும் பெயரும் எழுதியிருந்தார். என்னோடு இணைந்திருந்த வாசலின் பெயர் ஊர்காவற்றுறை.

திரும்பவும் போன் எடுத்தேன்.

"உங்களுக்கு மற்றப் பக்கம் என்ன வாசல் எண்டு காட்டுது?"

அவர் தட்டிப் பார்ப்பது கேட்டது.

"நெடுந்தீவு எண்டு காட்டுது," என்றார்.

"எனக்கு ஊர்காவற்றுறை."

போனுக்குள் அவர் சிரிக்கும் சத்தம் கேட்டது. அவர் சிரித்து அதற்கு முன் நான் கேட்டதில்லை. எங்கேயோ ஒரு நிலையத்தில், அட்டவணையில் இரண்டு வரியை யாரோ மாற்றி எழுதிவிட்டார்கள். எனக்கு வரவேண்டியதெல்லாம் அவருக்குப் போனது, அவருக்கு வரவேண்டியது எனக்கு வந்தது. சுற்றுகளில் ஒரு குறையும் இல்லை என்று கொழும்புக்காரர் சொன்னது முழு உண்மை. இரண்டும் நல்ல சுற்றுகள்தான். போய்ச் சேரும் இடம்தான் மாறிப்போயிருந்தது.

நாளை வரும் பொறியியலாளருக்காகக் காத்திருக்க ஏலாது. தலைமை அலுவலக ரவுட்டரைத் தொடவும் வழியில்லை. நான் யோசித்துக்கொண்டிருந்தபோது அவர் சொன்னார்:

"அப்ப இப்பிடிச் செய்வம். நீர் கொஞ்ச நேரம் ஊர்காவற்றுறையா இரும். நான் நெடுந்தீவா இருக்கிறன்."

எனக்கு யோசனை உடனே விளங்கியது. தலைமை அலுவலகம் ஊர்காவற்றுறை வாசலுக்கு வெளியே ஊர்காவற்றுறை ரவுட்டருக்கு நாங்கள் கொடுத்த முகவரியைத்தான் எதிர்பார்த்து நிற்கிறது. அந்த வாசலுக்கு வெளியே நிற்பதோ நான். அந்த முகவரியை நான் போட்டுக்கொண்டால் அது என்னோடு கதைக்கும். கதைக்கத் தொடங்கினால் இங்கிருந்தபடியே அதற்குள் நுழைந்து, எந்தக் கிளைக்கு எந்த வாசலால் போவது என்ற வழியை மாற்றி எழுதிவிடலாம்.

விளங்காமல் நின்றது அந்த 'நீர்'. எங்கள் பக்கத்தில் பெரியவர்களுக்கும் பழக்கமில்லாதவர்களுக்கும் 'நீங்கள்'. சின்னப் பிள்ளைகளுக்கு 'நீ'. இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது 'நீர்'. கூடப் படித்தவர்கள், நெருங்கிப் பழகியவர்கள், வீடுகளில் கணவன் மனைவியிடம் சொல்வது. அவர் அதைத் தெரிந்து சொன்னாரா, அவசரத்தில் வாயில் வந்ததா என்று எனக்குத் தெரியவில்லை. ஓம், இருக்கிறன் என்று மட்டும் சொன்னேன். காது சூடாகிவிட்டது.

அதற்குள் வள்ளம் வந்துசேர்ந்து, வெளியே தலைவர் பேசத் தொடங்கியிருந்தார். போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு இருவரும் ஒரே நேரத்தில் முகவரிகளை மாற்றினோம். தலைமை அலுவலகத்தைக் கூப்பிட்டேன். பதில் வந்தது. அடுத்து அடுத்து என்று வந்துகொண்டே இருந்தது. என் ரவுட்டருக்குள் இருந்தபடியே அந்த ரவுட்டருக்குள் நுழைந்தேன். கடவுச்சொல் அவருக்கு மனப்பாடம். எழுத்தெழுத்தாகச் சொன்னார். நெடுந்தீவுக்குப் போவது இந்த வாசலால், ஊர்காவற்றுறைக்குப் போவது அந்த வாசலால் என்று இரண்டு வரி. ஒரு வரியைப் பிழையாக அடித்து, அழித்து, திரும்ப அடித்தேன். அவர் அவசரப்படுத்தவில்லை. பாத்துச் செய்யும், தலைவர் இன்னும் பேசிக்கொண்டுதானே இருக்கிறார், போனிலேயே கேட்குது என்றார்.

தலைவர் உண்மையாகவே பேசிக்கொண்டிருந்தார். நெடுந்தீவின் பழைய துறைமுகத்தில் தொடங்கிக் கூட்டுறவின் வரலாற்றில் பாதி வழி வந்திருந்தார். நான் வாசலில் நின்று மனேச்சர் அக்காவைப் பார்த்துத் தலையை ஆட்டினேன். அவர் தலைவரின் காதில் ஏதோ சொன்னார். தலைவர் உள்ளே வந்து பொத்தானை அழுத்தினார். முதல் வாடிக்கையாளரின் கணக்கு தலைமை அலுவலகத்திலிருந்து திரைக்கு வந்து, அவருடைய சேமிப்புப் புத்தகத்தில் அச்சாகியது. கைதட்டல் எழுந்தது. போனை நான் இன்னும் வைக்கவில்லை. ஊர்காவற்றுறையிலும் கைதட்டுவது கேட்டது.

அந்த முதல் வாடிக்கையாளர் ஒரு கடற்றொழிலாளி. விழாவுக்கென்று மனைவியோடு வந்திருந்தார். புத்தகத்தைக் கையில் வாங்கிய பிறகும் அவருடைய முகத்தில் சந்தோசம் இல்லை. தலைவர் முதுகில் தட்டி, இனிமேல் பாங்கு அலுவலுக்கு நீங்கள் யாழ்ப்பாணம் போய் அலையத் தேவையில்லை என்றார். அவர் மனைவியை ஓரக்கண்ணால் பார்த்தார்.

"அதுதான் ஐயா யோசிக்கிறன். இனி என்னத்தைச் சொல்லிப்போட்டு டவுனுக்குப் போறது?"

மனைவிதான் முதலில் சிரித்தது. பிறகு எல்லோரும். முதலாளி அந்தச் சிரிப்புக்கிடையில் என் பக்கத்தில் வந்து, எல்லாம் பிரச்சினை இல்லாமல் நடந்ததா என்று கேட்டார். ஓம் என்றேன். வள்ளத்தில் திரும்பும்போதுதான் முழுக் கதையையும் சொன்னேன். அவர் தலையில் கையை வைத்துக்கொண்டார். பிறகு, அறைத் திறப்பில் ஒரு பிரதி வெட்டி எங்களிடம் தருவதாகச் சொன்னார். கடைசிவரை தரவில்லை.

இத்தோடு முடிந்தது என்றுதான் நினைத்தோம். ஆனால் என்னுடைய முறைப்பாடு கொழும்பில் யாருடைய மேசையிலோ உயிரோடு இருந்திருக்கிறது. அடுத்த வாரத்தில் ஒருநாள் இரண்டு கிளையும் ஒன்றாக நின்றுபோயின. நானும் அவரும் அப்போது எங்கள் நிறுவனத்தில் ஒரே மேசையில் இருந்தோம். ஒருவரையொருவர் பார்த்தோம், காரணம் இருவருக்கும் விளங்கிவிட்டது. கொழும்புப் பொறியியலாளர் பிழையைக் கண்டுபிடித்து, யாருக்கும் சொல்லாமல் திருத்திவிட்டிருக்கிறார். அவர் திருத்தியதால் எங்களுடைய திருத்தம் பிழையாகிவிட்டது. மனேச்சர் அக்கா போன் எடுத்து, என்ன பிள்ளை, திறந்த கையோடை மூடியாச்சோ என்று கேட்டார்.

இந்தத் தடவை முதலாளியிடம் திறப்பை வாங்கிக்கொண்டு தலைமை அலுவலகத்துக்கு இருவரும் மோட்டார் சைக்கிளில் போனோம். கிளைகளில் இருந்தவர்களுக்குப் போனில் சொல்லிச் சொல்லி அங்கேயுள்ள முகவரிகளை மாற்றுவித்து, இங்கே வழிகளைப் பழையபடி எழுதினோம். அந்தச் சிறிய அறையில் ஒரு கதிரைதான். நான் இருந்தேன், அவர் நின்றார். எல்லாம் சரிவந்த பிறகும் இருவரும் வெளியே வரவில்லை. அவர் ஒரு கேபிளின் பெயர்த் துண்டைச் சரியாக ஒட்டுவதுபோல நின்றுகொண்டு கேட்டார்:

"உம்மட வீட்டிலை வந்து கேட்டால் என்ன சொல்லுவினம்?"

"கேட்டாத்தான் தெரியும்," என்றேன்.

கேட்டார். எங்கள் வீட்டில் வேதம், அதாவது கத்தோலிக்கம், அவர்கள் வீட்டில் சைவம். இரண்டு வீட்டிலும் கொஞ்ச நாள் சட்டி பானை சத்தம் கூடுதலாகவே கேட்டது. அவருடைய தாயார் அழவில்லை, ஆனால் என்னைப் பற்றிய பேச்சு வரும்போதெல்லாம் தோட்டத்துக்குத் தண்ணீர் கட்டப் போய்விடுவாராம். அப்பா மறுப்பும் சொல்லவில்லை, சம்மதமும் சொல்லவில்லை. பெடியன் கடலுக்கு வருவானோ என்று மட்டும் கேட்டார். அவர் வந்தார். சோளகக் காற்று அடித்துக் கடல் கொந்தளிக்கிற காலம். போனதிலிருந்து திரும்பும்வரை சத்தி எடுத்தபடியே இருந்தார் என்று அண்ணைமார் வந்து சொன்னார்கள். கரையில் இறங்கும்போது ஆள் வெளிறிப்போய் இருந்தார். அப்பாவின் முகம் மட்டும் நன்றாக மலர்ந்திருந்தது.

"ஒருக்காக்கூடத் திருப்புங்கோ எண்டு கேக்கேல்லை," என்று அம்மாவிடம் சொன்னார். சம்மதம் என்பதை அப்பா அந்த வீட்டில் சொன்ன விதம் அதுதான்.

அவருடைய தாயாரும் கடைசியில் ஒரு நிபந்தனையோடு இறங்கி வந்தார். தங்கள் வீட்டில் ஒரு மரக்கறிக் கல்யாணச் சாப்பாடு நடக்கவேண்டும். நடந்தது. கரம்பொனில் மீனும் நண்டும் இறாலுமாக ஒன்று, நாரந்தனையில் வாழையிலையில் பாயாசத்தோடு ஒன்று. மனேச்சர் அக்கா இரண்டுக்கும் வந்தார். நெடுந்தீவிலிருந்து வள்ளம் ஏறி, பஸ் ஏறி, இரண்டு நாளும் இரண்டு பட்டுச்சேலை.

அந்தச் சுற்றுகள் பிறகு சில வருடங்கள் ஒழுங்காக ஓடின. மாத முடிவில் கிளைகள் இரண்டும் ஒன்றாகக் கணக்கு அனுப்பும்போது மட்டும் நெரிசல் வரும். மேலதிகமாகப் போனது எறியப்படும், திரும்பக் கேட்கப்படும், பிறகு வந்து சேரும். இப்போது ஊர்காவற்றுறைக்கு ஃபைபர் வந்துவிட்டது. நெடுந்தீவுக்கு வேறு கருவிகள் வந்துவிட்டன. ஃபிரேம் ரிலே என்று சொன்னால் புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்குத் தெரியாது. நாங்கள் இருவரும் சொந்தமாக ஒரு சிறு நிறுவனம் வைத்திருக்கிறோம். கேபிள்களின் பெயர்த் துண்டுகளில் எழுதுவது இன்னும் அவர்தான்.

போன மாதம் எழுவைதீவில் ஒரு பள்ளிக்கூடத்துக்கு இணைய இணைப்புக் கொடுக்கப் போயிருந்தோம். கருவியைச் சாக்கில் சுற்றி வள்ளத்தில் மடியில் வைத்துக்கொண்டு போனோம். பூட்டி முடித்ததும் ரீச்சர் பிள்ளைகளைக் கூப்பிட்டு, முதலில் என்ன பார்க்கவேண்டும் என்று கேட்டார். தங்கள் தீவை மேலேயிருந்து பார்க்கவேண்டும் என்றார்கள். செய்மதிப் படத்தைப் பெரிதாக்கிக் காட்டினோம். ஒவ்வொருவரும் தன்தன் வீட்டுக் கூரையை விரலால் தொட்டுத் திரையை அழுக்காக்கினார்கள். கரையோரம் ஒரு வள்ளம் வெள்ளைப் புள்ளியாகத் தெரிந்தது. அது தன் அப்பாவின் வள்ளம் என்று ஒரு பெண்பிள்ளை சொன்னாள். இல்லை, தன் மாமாவுடையது என்றாள் இன்னொருத்தி. அந்தச் சண்டை முடியும்வரை நிற்க எங்களுக்கும் ஆசைதான். ஆனால் திரும்பும் வள்ளம் கூப்பிட்டுவிட்டது.